டிரைவர் ஒளித்து வைத்த பரீட்சை

இந்தத் தடவை வீட்டில் மூச்சு விடுவதில்லை என்று ஆம்புலன்ஸ் டிரைவர் முடிவு கட்டினார்.

காரணம் இருந்தது. வண்டியின் முன்பக்கம் ஸ்டியரிங் பிடித்தது போதும், பின்பக்கம் போய் உயிரைக் காப்பாற்றும் பாராமெடிக் ஆக வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷ ஆசை. புத்தகமெல்லாம் தலைகீழ்ப் பாடம். செய்முறைத் தேர்வு என்றால் மட்டும் கை கால் வெடவெடக்கும். முதல் தடவை, நோயாளியின் கையை விட்டுவிட்டுத் தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்து, "நாடி ரொம்ப வேகம், ஆள் தேறுறது கஷ்டம்" என்று அறிக்கை கொடுத்தார். இரண்டாம் தடவை, கால் சுளுக்கு என்று வந்தவரின் நெஞ்சை அழுத்தத் தொடங்க, அவர் சுளுக்கோடு எழுந்து ஓடினார். இரண்டு கதையும் மனைவியின் போன் வழியாக அவளுடைய அக்கா, அத்தை, அத்தையின் பல் டாக்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. இனி ஒரு முறைதான் பாக்கி. இதையும் கோட்டை விட்டால் சாகும்வரை ஸ்டியரிங்தான்.

ஆகவே தேர்வுக் கடிதம் வந்ததும் தேதியை மட்டும் பார்த்தார், மடித்தார், ஒளித்தார். முதல் நாள் பழைய ஷூவுக்குள். அவள் ஷூ துடைக்க வந்தாள். அடுத்து பிரிட்ஜுக்கு அடியில். அவள் பெருக்க வந்தாள். தேர்வுக்கு இருந்த எட்டு நாளும் கடிதமும் அவருமாக வீடு முழுக்கக் குடிமாறிக்கொண்டே இருந்தார்கள். பயிற்சியும் திருட்டுத்தனமாகத்தான் நடந்தது.

"தலையணைக்கு என்னங்க ஆச்சு?"

"கிழிஞ்சிருந்துது. கட்டுப் போட்டேன்."

"நாலு சுத்தா?"

"ஆழமான கிழிசல்."

"தேறிடுமா?"

"ஒரு நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

தேர்வு நாள் காலையில் டியூட்டி என்று சொல்லிக் கிளம்பினார். யாரும் பின்னால் வந்துவிடக் கூடாதே என்று நாலு தெரு சுற்றித் தேர்வு நிலையத்துக்குப் போனார். அங்கே ஒவ்வொருவரும் கூட ஒரு ஆளோடு நின்றார்கள்.

"உங்க நோயாளி எங்க?" என்றார் எழுத்தர்.

"நோயாளியா?"

"லெட்டர்ல கடைசி வரியைப் படிக்கலையா? இந்தத் தடவையிலேருந்து நோயாளியா நடிக்க ஆளை நீங்கதான் கூட்டிட்டு வரணும். ஆள் இல்லேன்னா பரீட்சை இல்ல."

டிரைவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. எழுத்தர் பட்டியலைப் புரட்டினார். "அட, உங்க ஆள் அரை மணி முன்னாடியே வந்தாச்சே. உள்ள படுத்திருக்காங்க."

உள்ளே போனதும் மீதி உயிரும் போயிற்று. தரைவிரிப்பில் கண்ணை மூடிக் கிடந்தவள் அவர் மனைவி. பக்கத்தில் தேர்வாளர் அம்மா ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"நெஞ்சு வலி."

"எப்போலேருந்து?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து."

தேர்வாளர் எதையோ எழுதினார்.

"வலி வேற எங்கயாவது பரவுதா?"

"மாமியார் வீட்டுப் பக்கமா."

"எதனால அதிகமாகுது?"

"பொய் கேட்டா. இன்னைக்குக் காலையில ரொம்ப அதிகம்."

டிரைவர் அசரவில்லை. இந்தக் குரலுக்குப் பதில் சொல்லி அவருக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். நாடி பார்த்தார், அவளுடைய நாடியைத்தான். ரத்த அழுத்தம் பார்த்தார். ஆக்சிஜன் முகமூடியால் அவள் வாயை மூடியபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கை ஒரு தடவையும் நடுங்கவில்லை.

"பாஸ்," என்றார் தேர்வாளர். "இவ்வளவு கஷ்டமான நோயாளியை இவ்வளவு பொறுமையா யாரும் விசாரிச்சதில்ல."

வெளியே வந்ததும் டிரைவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லெட்டர் வந்த அன்னைக்கே, உங்களுக்கு முன்னாடி பிரிச்சுப் படிச்சுட்டு நான்தான் ஒட்டி வெச்சேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

"கேட்டிருந்தா எட்டு நாளும் பரீட்சையை நினைச்சே நடுங்கியிருப்பீங்க. என்கிட்டேருந்து ஒளிக்கிற அவசரத்துல பயப்படவே உங்களுக்கு நேரமில்ல."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் நேர்முகத் தேர்வுக்கு லெட்டர் வரும்," என்றாள் அவள். "அதையும் எனக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கணும், என்ன?"

"சரிம்மா," என்றார் டிரைவர்.