கேரி தீவில் திறந்த ஜன்னல்

இனிமேல் சனிக்கிழமைகளில் கடைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று ராசிக் முடிவெடுத்துவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவரும் மனைவி மஹ்ஜபீனும் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார்கள். துணி காட்டுவது, பேரம் பேசுவது, தைக்கக் கொடுப்பது எல்லாம் அவள் பாடு. ராசிக்குக்கு ஒரே வேலை. யார் வீட்டு ஜன்னலில் எந்தத் திரை எப்படித் தொங்கும் என்று கணினியில் படம் போட்டுக் காட்டுவார். அந்தப் புரோகிராம் கடைக் கணினியில் மட்டும்தான் ஓடும். அதனால் சனிக்கிழமையும் கடையே கதி. நண்பர் கிஃபாயத்துல்லாவோ சனிதோறும் கேரி தீவுக்குப் போய் நண்டு தின்றுவிட்டு, ஞாயிறு முழுக்க அதன் ருசியை வர்ணித்தார். மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்?

ராசிக் ஒரு வழி கண்டுபிடித்தார். புரோகிராம் கடையிலேயே ஓடும். அதன் ஜன்னல் மட்டும் அவருடைய மடிக்கணினியில் திறக்கும். இடையில் போவதும் வருவதும் பூட்டுப் போட்டுப் பத்திரமாகப் போகும், ஒரு பயல் எட்டிப் பார்க்க முடியாது. மனைவிக்கு இதை விளக்கும்போது அவர் குரலே கனத்துவிட்டது. பூச்சோங்கில் நம் வீட்டில் உட்கார்ந்தும் படம் போடுவேன், நிலாவில் உட்கார்ந்தும் போடுவேன் என்றார். மஹ்ஜபீன் தலையாட்டினாள்.

சனிக்கிழமை அவள் கடைக்குக் கிளம்பிய கையோடு, ராசிக் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிஃபாயத்துல்லாவின் காரில் ஏறினார். வீட்டில் வேலை செய்வதாகத்தான் பேச்சு. திரைக்குப் பின்னால் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று திரைக்கா தெரியப்போகிறது?

கேரி தீவில் சுற்றிலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள். சிக்னல் விருந்தாளி மாதிரி வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனது. நண்டு மேசைக்கு வந்த நேரம் பார்த்து மஹ்ஜபீன் அழைத்தாள். சாலாக் செலாத்தானிலிருந்து தனலெட்சுமி ஆன்டி வந்திருக்கிறார், புது வீடு, வீடு முழுக்கத் திரை வேண்டும், போட்டுக் காட்டும் படம் அவருக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்றாள்.

ராசிக் விரலைத் துடைத்துக்கொண்டு புரோகிராமைத் திறந்தார். திறந்தது என்று சொல்ல முடியாது. முதலில் ஓரம் வந்தது. பொறுத்துப் பார்த்தால் மேல்பட்டை வந்தது. பொத்தான்கள் வந்தன, அவற்றின் எழுத்துகள் வரவில்லை. கண் சிமிட்டுவதற்குள் வரவேண்டிய படம், கோடு கோடாக, ஒவ்வொரு கோட்டுக்கும் பூட்டைத் திறந்து, மேடைக்கு வரும் புதுப்பெண் மாதிரி நடந்து வந்தது. நீலத் துணியை அழுத்தினார். அசைவில்லை. அச்சுப் பொத்தானை அழுத்தினார். அதுவும் அப்படியே. ஆத்திரத்தில் கண்ணில் பட்ட நிறத்தை எல்லாம் அழுத்தினார், நடுநடுவே அச்சுப் பொத்தானையும் குத்தினார். கிஃபாயத்துல்லா நண்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அழுத்தியது எதுவும் வீணாகவில்லை. எல்லாம் வழியில் வரிசைகட்டி நின்றிருக்கின்றன. சிக்னல் வந்ததும் மொத்தமாகக் கடைக்குள் புகுந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலிருந்த பிரிண்டர் நீலம், மஞ்சள், கத்திரிப்பூ, கிளிப்பச்சை என்று தாள் தாளாகத் துப்பியதாம். இது ராசிக்குக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மஹ்ஜபீன் மறுபடி அழைத்தபோது அவர் திட்டு வாங்கத் தயாராக இருந்தார்.

"ஆன்டி ஆர்டர் கொடுத்துட்டாங்க," என்றாள் அவள். "ரூமுக்கு ஒரு கலராம். இத்தனை டிசைன் வேற எந்தக் கடையிலயும் காட்டலையாம்."

ராசிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் முன்னாடியே சொன்னேன்லா. வீட்டுல உக்காந்தா மூளை நல்லா ஓடும்."

"லைன் ஸ்லோவா இல்லையே?"

"ஸ்லோவா? தண்ணி மாதிரி ஓடுது."

"ரொம்பக் கஷ்டமான வேலையாங்க?"

"சின்னப் பிள்ளைகூடச் செய்யும்."

"சந்தோஷம். மரியம் அக்கா இப்பதான் பேசினாங்க. நீங்களும் அவங்க வீட்டுக்காரரும் கேரி தீவுல நண்டு சாப்பிடுறீங்களாமே."

ராசிக் நண்பரை முறைத்தார். மனைவியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று கிஃபாயத்துல்லா நண்டைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

மஹ்ஜபீன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. செம்பனைக் காட்டிலேயே தண்ணீர் மாதிரி ஓடுகிற லைன் பூச்சோங் வீட்டில் இன்னும் ஜோராக ஓடும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். படம் போடுவது சின்னப் பிள்ளை வேலை என்று அவரே சொல்லிவிட்டதால், திங்கள் முதல் அதை வீட்டிலிருந்தே தான் பார்த்துக்கொள்வதாகவும், கடையை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னாள். கடவுச்சொல்லை அனுப்பச் சொன்னாள். ராசிக் யோசித்துப் பார்த்தார். லைன் மோசம் என்றால் சற்றுமுன் சொன்னது பொய்யாகிவிடும். நல்ல லைன் என்றால் கடை தலையில் விழும். கடவுச்சொல்லை அனுப்பிவைத்தார்.

திங்கட்கிழமை காலை ராசிக் தனியாக ஷட்டரைத் தூக்கினார். துணிக்கட்டுகளை இறக்கி அடுக்கினார். முதலில் வந்த அம்மாவிடம் பேரம் பேசித் தோற்றார். மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோது கைபேசி மணி அடித்தது.

"நீங்க சொன்ன மாதிரியே லைன் பிரமாதமா இருக்குங்க," என்றாள் வீட்டிலிருந்து மஹ்ஜபீன். "ஏணியைத் தூக்கிக்கிட்டு ஆன்டி வீட்டுக்குப் போய் ஜன்னலை எல்லாம் அளந்துட்டு வந்துருங்க. அதை மட்டும் இங்கேருந்து செய்ய முடியாது."