கால் கப்பில் நின்ற மெஷின்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் வாங்கி அனுப்பிய எஸ்பிரெஸ்ஸோ மெஷினும் பரம சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். போனில் சொன்னால் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அப்பா, மறுபடியும் எதைக் கழட்டினீங்க?" என்கிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

வாஷிங் மெஷின் விவகாரம் உங்களுக்குத் தெரியும். அதில் என் தப்பு எதுவும் இல்லை. தண்ணீர் கீழ்நோக்கிப் போனது தண்ணீரின் சுபாவம். கீழ்வீட்டில் ரிட்டயர்டு டீச்சர் குடியிருந்தது தற்செயல். ஆனால் அன்றைக்குத் தாயும் மகளும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டார்கள். இனி நான் எதையாவது பிரித்து, அது சரியாகாவிட்டால், என் டூல்ஸ் பெட்டி எங்கள் அடுக்குமாடியின் பராமரிப்பு ஆளுக்குப் போய்விடும். முப்பத்தாறு வருஷம் என் கையில் தொங்கிய பெட்டி, மாப்பிள்ளை. அந்த ஆளோ எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவைக் காலால் உதைத்துச் சாத்துகிறவன். அவன் கையில் என் ஸ்பேனர்களா?

உங்கள் மெஷினை நான் எப்படி வைத்திருந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும். தினமும் காலையில் சுவிட்சைப் போட்டு, அது சூடாகிற நேரத்தில் மஞ்சள் துணியால் உச்சி முதல் அடிவரை துடைப்பேன். முக்கியமாகப் பட்டன். அதன் ஓரத்தில்தான் அழுக்கு தங்கும் என்பதால் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்ப்பேன். சில நாள் தேய்க்கும்போதே அதுவாகத் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். வேலை செய்ய அவ்வளவு ஆர்வம். கொஞ்சம் கொட்டியதும் நான் கையை எடுத்து "இரு, இரு" என்பேன், உடனே நின்றுவிடும். அவ்வளவு பணிவு. இதை உங்கள் அத்தையிடமும் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது வாரத்தில் நோய் ஆரம்பித்தது. பட்டனைத் தட்டினால் உர்ரென்று ஒரு சத்தம், ஏழெட்டு விநாடி ஒழுகல், கால் கப் வந்ததும் பட்டென்று நின்றுவிடும். மறுபடி தட்டினால் மறுபடி கால் கப். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "இது காப்பியா, காதுல விடற சொட்டு மருந்தா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை, என் உத்தியோகம் என்ன? லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடி ஆஸ்பத்திரியின் நாலு லிஃப்டும் என் பொறுப்பில் இருந்தன. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் சேர வேண்டும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவருக்கு அந்த ஒரு நூலும் குலுக்கல்தான். என் காலத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் குலுங்கியதில்லை, ஒரு லிஃப்ட் பாதியில் நின்றதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் நான் சாப்பிட்ட சோறு. அப்பேர்ப்பட்டவன் வீட்டு சமையல் மேடையில் ஒரு மெஷின் கால் மாடியில் நிற்கலாமா?

நீங்கள் போனில் ஒரு யோசனை சொன்னீர்கள். "மாமா, அந்தப் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க. கப் நிறைஞ்சதும் விட்டுடுங்க. அந்த அளவை அது ஞாபகம் வெச்சுக்கும்." கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர், உங்கள் தொழிலில் எல்லா வியாதிக்கும் பட்டன்தான் மருந்து. ஆனால் ஞாபகமாம், ஞாபகம்! மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, ஒரு தகர டப்பாவுக்கு இருக்குமா? மரியாதைக்கு "ஆகட்டும் மாப்பிள்ளை" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் என்ன, இறங்கிட்டேன். தண்ணித் தொட்டி சரியா உக்காரலையோன்னு நாலு தடவை கழட்டி மாட்டினேன், அப்பவும் கால் கப். தூள் ரொம்ப நைசா இருந்தா அடைச்சுக்கும்னு கொரகொரன்னு அரைச்சேன், கொரகொரன்னு இருக்குன்னு நைசா அரைச்சேன், இப்ப மிக்ஸியில எதை அரைச்சாலும் காப்பி வாசனை வருதுன்னு உங்க அத்தை புலம்பறா. கரன்ட் குறையுதோன்னு ஃபிரிட்ஜை அணைச்சுப் பாத்தேன், மெஷின் அதே கால் கப்தான், ஃபிரிட்ஜை மறுபடி போடத்தான் மறந்துட்டேன், பால் மொத்தமும் திரிஞ்சுபோச்சு. குழாய்க்குள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கும்னு வினிகர் ஊத்தி ஓட்டினேன். மூணு தடவை நல்ல தண்ணியில அலசணும்னு கையேட்டுல போட்டிருந்தது, ரெண்டு தடவை அலசினதுமே கீழ்வீட்டு டீச்சர் வந்துட்டாங்க. வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பறதா? ஒரு கால் கப் பிடிச்சுக் கொடுத்தேன். ஒரே மடக்கு குடிச்சாங்க, கப்பைத் திருப்பி என் கையில வெச்சாங்க, "உங்க வாஷிங் மெஷினே தேவலை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கு மேல பொறுக்க முடியலை, கவிழ்த்துப் போட்டுப் பிரிச்சுட்டேன். மொத்தம் பதினோரு ஸ்க்ரூ. கழட்டின வரிசையிலேயே செய்தித்தாள் மேல அடுக்கி வெச்சேன், தொழில் சுத்தம். உங்க அத்தை குறுக்கெழுத்துப் போடணும்னு அந்தத் தாளை உருவிட்டா. சமையலறைத் தரையில தவழ்ந்து எல்லாத்தையும் பொறுக்கினேன். திரும்ப மாட்டினப்ப ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் வந்தது. அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம், கம்பெனிக்காரன் தாராள மனசு படைச்சவன்னு அர்த்தம். ஆனா மெஷின் மட்டும் அதே கால் கப். "சனிக்கிழமை காலை வரைக்கும் பாக்கறேன்"னு உங்க அத்தை கெடு வெச்சுட்டா. போன்ல உங்க வீட்டம்மா வேற, "அம்மா, இந்தத் தடவை விட்டுக் கொடுக்காதே"ன்னு உசுப்பேத்திவிட்டா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு ஸ்பேனரையும் எண்ணெய் தடவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். என் பழைய யூனிஃபார்ம் சட்டையை மடித்து மேலே வைத்தேன். அழவில்லை மாப்பிள்ளை. கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது.

அப்போதுதான் பொறி தட்டியது. தூளைப் போட்டு மாட்டுகிற கைப்பிடி இருக்கிறதல்லவா, அது போய் உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். தொட்டுப் பார்த்தால் கல்லாக இறுகியிருந்தது. வளையம் இறுகினால் ஆவி கசியும், ஆவி கசிந்தால் மெஷின் பயந்துபோய் நின்றுவிடும். லிஃப்டும் இப்படித்தான், சந்தேகம் வந்தால் நின்றுவிடும். உடனே ஓடிப்போய் ஹார்டுவேர் கடையில் குழாய்க்குப் போடுகிற வளையம் ஒன்று வாங்கி வந்தேன். சனிக்கிழமை காலையில் பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன், மெஷினைத் துடைத்தேன், குளிக்கப் போனேன். லிஃப்டை ஒப்படைப்பதற்கு முன்னால் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பது அந்தக் காலத்திலேயே என் பழக்கம். குளிக்கும்போதே கமகமவென்று காப்பி மணம் வந்தது பாருங்கள். ஜெயிக்கப்போகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வெளியே வந்தால் சமையலறையில் கூட்டம். கீழ்வீட்டு டீச்சர் சாட்சிக்கு வந்திருந்தார். பராமரிப்பு ஆள் பெட்டியைத் தூக்கிப்போக இரண்டு கையையும் வீசிக்கொண்டு நின்றான். நேராகப் போய்க் கைப்பிடியில் தூளைப் போட்டு மாட்டினேன். கப்பை வைத்தேன், பட்டனைத் தட்டினேன். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கேன். ஆறு, ஏழு, எட்டு... ஒன்பது! நிக்கலை மாப்பிள்ளை! பத்து, பதினைஞ்சு, இருபது, தேன் கலர்ல நூல் பிடிச்ச மாதிரி இறங்குது, இருபத்தேழாவது விநாடி, விளிம்புக்கு ஒரு நூல் கீழே வந்ததும் சத்தமே இல்லாம நின்னுது. ஒன்பதாவது மாடியில என் லிஃப்ட் நிக்கற மாதிரி. டீச்சர் ஒரு வாய் குடிச்சுட்டு, "அட, காப்பி மாதிரியே இருக்கே"ன்னாங்க. பராமரிப்பு ஆள் பெட்டியையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பினான், அன்றைக்குக் கதவை மெதுவாகத்தான் சாத்தினான். உங்கள் அத்தைக்கு முதல் கப்பை நீட்டினேன். "எனக்கு இப்ப வேணாம்" என்றாள். காப்பியை வேண்டாம் என்கிற ஜன்மமா அவள்? சந்தோஷத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது போலும்.

இன்று வியாழன். ஆறு நாளாக ஒரு சொட்டு குறையாமல் கொடுக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தை என் மகளிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள், ஸ்பீக்கரில் போட்டாலும் சரி. தீர்மானம் ரத்தாகிவிட்டது என்று சொல்லுங்கள். பட்டனை அழுத்திப் பிடிக்கிற யோசனையை இனி வெளியாட்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம், நம் குடும்பத்தைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள். அடுத்த மாதம் அங்கே வரும்போது பெட்டியோடுதான் வருவேன்.

நீங்கள் இருவரும் தொடங்குகிற காரியம் எதுவும் கால்வாசியில் நின்றுவிடாமல் தளும்பத் தளும்ப நடக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு எனக்குத்தான், பெட்டிக்கு இல்லை)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். படிச்சுப் பாத்துட்டு ஒட்டி வைன்னு சொல்லிட்டு மாமா ஸ்டாம்பு வாங்கப் போயிருக்கார். நீங்க சொன்னதுதான் சரி. சனிக்கிழமை அவர் குளிக்கப் போனதும் பட்டனை அழுத்திப் பிடிச்சேன், கப் நிறைஞ்சதும் விட்டேன், நல்லா ஞாபகம் வெச்சுக்கிச்சு. மணம் வந்தது அந்தக் கப்தான். அதை நானே குடிச்சுட்டேன், அப்புறம் எப்படி இன்னொண்ணு குடிக்கறது? அவர் போட்ட வளையம் பொருந்தவே இல்லை. குப்பையிலேர்ந்து பழசை எடுத்துக் கழுவி மாட்டிட்டேன். புதுசு என் மாத்திரை டப்பாவுல இருக்கு, அந்த ரெண்டு ஸ்க்ரூவோட.

மெஷினைக் கெடுத்தது வேற யாரும் இல்லை, இவரேதான். தொடைக்கறேன்னு பட்டனை அமுக்கித் தேய்ச்சு, தண்ணி வந்ததும் கையை எடுத்துடறார். அதுவும் பாவம், இவ்வளவுதான் வேணும்போலன்னு நினைச்சுக்குது. தொடைக்காதீங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பார். அதனால தினமும் அவர் குளிக்கப் போனதும் நான் போய் அரை நிமிஷம் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். பெட்டியைக் குடுத்துடணும்னு மொதல்ல சொன்னவளும் நான்தான். வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையை அவர் மடிச்சு வெச்சதைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கலை. கண்ணுல எண்ணெய் பட்டுதுன்னு எழுதியிருக்கார். எண்ணெய் டப்பா போன மாசமே காலி.

லிஃப்ட் வந்து நிக்கற சத்தம் கேக்குது, வந்துட்டார், ஒட்டிடறேன். அடுத்த மாசம் நாங்க வரும்போது வாஷிங் மெஷினை மட்டும் அவர் கண்ணுல காட்டாதீங்க. தண்ணி சம்பந்தமில்லாத பொருளா ஏதாவது ஒண்ணைக் கெடுத்து வையுங்க.