பாயேஷை முதலில் இறக்கியவன்

பரீட்சை, இன்டர்வியூ, பல் டாக்டர் எல்லாவற்றையும் ஒருவழியாகக் கடந்து வந்தவன் நான். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பயந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "இந்தியா டீம்ல ஓப்பனிங் யாரை இறக்கணும்?"

கேட்கப்போகிறவர் மாலினியின் அப்பா. மாலினி என்னோடு கொல்கத்தா ஐடி கம்பெனியில் வேலை பார்த்தவள். நான் மதுரையிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளோ அந்த ஊர் பெஹாலா பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அப்பாவை 'பாபா' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பெண் கேட்க வரச் சொல்லியிருந்தார்கள். சாப்பாடும் அங்கேயே.

"பாபா சம்பளம், ஜாதகம் எதுவும் கேக்க மாட்டாரு. பேட்டிங் ஆர்டர்தான் கேப்பாரு," என்றாள் மாலினி. "நிதானமா ஆடறவங்கதான் முதல்ல வரணும்னு சொல்லிடு, ப்ளீஸ். போன வருஷம் வந்த பையன், அடிச்சு ஆடறவனை முதல்ல அனுப்பணும்னான். டீ கூடக் குடுக்காம அனுப்பிட்டாரு."

(அந்தப் பையனின் கட்சிதான் நானும். அடித்து ஆடும் இடதுகைக்காரரை முதலில் இறக்கு, புதுப் பந்தையே வெளு. நிதானசாமிகளை ஆறாவதாக வை, முடிந்தால் வீட்டிலேயே வை. இதற்காக ஹாஸ்டலில் சண்டை போட்டு என் பனியன் கிழிந்திருக்கிறது.)

ஷேர் ஆட்டோவில் "நிதானம், நிதானம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார். உள்ளங்கை வியர்வையில் ஸ்வீட் பெட்டியின் அட்டை ஊறிப்போயிருந்தது.

நான் சோபாவில் சரியாக உட்காரக்கூட இல்லை. கேட்டுவிட்டார்.

"தம்பி, ஓப்பனிங் யாரை இறக்கலாம்?"

"நி... நிதானமா ஆடறவங்கதான் சார். முதல் பத்து ஓவர் விக்கெட் விழாம பாத்துக்கணும். அடிக்கிறதெல்லாம் அப்புறம்."

"பாஹ்!" என்று வங்காளி பாணியில் மெச்சித் தொடையில் தட்டினார். "மாலினி, பையன் விவரமானவன்தாம்மா!"

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பசியும் வந்தது. அதுதான் வினை.

மேஜையில் நடுவே சோறு, சுற்றிலும் கிண்ணங்கள். ஒன்றில் வெள்ளை வெளேரென்று பாயசம். எங்கள் ஊர்ப் பந்தியில் இனிப்பைத்தான் முதலில் தொடுவோம். தமிழ் வீடுதானே என்ற தைரியத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன்.

மாலினியின் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் வங்காளத்து வரிசையாம். முதலில் பாகற்காய் போட்ட ஷுக்தோ, பிறகு பருப்பு, மீன், சட்னி. பாயசம் கடைசி. அதன் பெயரும் அங்கே பாயேஷ்.

"என்ன தம்பி, பாயேஷை முதல்ல இறக்கிட்டீங்க?"

"எங்க ஊர்ல இனிப்புதான் சார் முதல்ல..."

"ஓஹோ." கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வாய் பாவக்காய்க்குப் பொறுமை இல்லாதவரு, பத்து ஓவர் பொறுமையா இருப்பீங்களா? நிஜத்தைச் சொல்லுங்க. ஓப்பனிங் யாரு?"

மேஜைக்கடியில் மாலினி என் காலை மிதித்தாள். பயம் வந்தால் சிலருக்கு வாய் கட்டிப்போகும். எனக்குத் திறந்துகொள்ளும்.

"லெஃப்ட் ஹேண்டர் சார்! அடிக்கிறவர்தான் சார்! நிதானமா ஆடறவரை ஆறாவதா இறக்கணும், இல்லேன்னா டீமை விட்டே தூக்கணும் சார்! மாலினிதான் மாத்திச் சொல்லச் சொன்னா சார்!"

(அந்தக் கடைசி வாக்கியம் தேவையா? மாலினி இன்றுவரை மன்னிக்கவில்லை.)

அவர் எழுந்து கை கழுவப் போனார். "ஐயோ, மீன் ஆறிடுமே," என்றார் மாலினியின் அம்மா, யாரிடம் என்றில்லாமல். நான் வாசலுக்குப் போய் ஷூவை மாட்டினேன். இனி மாலினி எனக்கில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

"ஷூவைக் கழட்டுங்க," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இந்தப் பையனுக்குக் கிரிக்கெட் ஒரு மண்ணும் தெரியல. ஆனா ஒரு பொய்யை அரைமணி நேரம் காப்பாத்தத் துப்பில்ல. கட்டிக் குடுக்கலாம், பயமில்ல."

கல்யாணம் ஆகி ஆறு வருடம். அந்தக் குடும்பத்தில் எந்த ரகசியமும் என் காதுக்கு வராது. "அவர்கிட்ட சொல்லாதே, பருப்பு வர்றதுக்குள்ள உளறிடுவாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன வருடம் மாமனாருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் எல்லோரும் "ஒண்ணுமில்ல, வெறும் கேஸ் ட்ரபிள்" என்று சிரித்த முகமாக நின்றார்கள். அவர் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"மாப்பிள்ள, டாக்டர் என்ன சொன்னாரு?"

மறுபடியும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ரெண்டு அடைப்பு மாமா. ஆபரேஷன் பண்ணணுமாம். பண்ணினா சரியாயிடும்னாரு."

"சரியாயிடும்னு நிஜமாவே சொன்னாரா?"

"சொன்னாரு மாமா."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்பச் சரி," என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

வெளியே வந்தேன். "உளறிட்டியா?" என்றாள் மாலினி.

"உளறிட்டேன். தூங்கறாரு."