மேலாளரான பிறகும் வேலை பார்த்த சிமியு

நன்றாக வேலை செய்பவரைத் தண்டிக்க அலுவலகங்கள் கண்டுபிடித்திருக்கும் வழிக்குப் பதவி உயர்வு என்று பெயர். அப்படித் தண்டனை பெற்றவர்களில் ஓர் இனம் உண்டு: புது மேலாளர். நேற்றுவரை கணினியோடு மட்டும் பேசிப் பிழைத்தவர், இன்று மனிதர்களோடு பேசியாக வேண்டும். மனிதர்களோ, எந்த வரியில் தப்பு என்று சிவப்பில் காட்டுவதில்லை.

நைரோபியில் சிமியு இந்த இனத்தில் சேர்ந்தது போன அக்டோபரில். வெளியூர்ப் பேருந்துகளுக்குக் கைப்பேசியில் இருக்கை பதிவு செய்துகொடுக்கும் நிறுவனத்தில் அவர்தான் கெட்டிக்கார நிரலாளர். பதவி வந்த அன்று எல்லோருக்கும் தேநீரும், மண்டாசி என்னும் இனிப்புப் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, "நான் உங்களுக்கு மேல இல்ல, உங்க கூடத்தான்" என்றார்.

கூடவே இருந்தார். அதுதான் தொல்லை.

குழுவில் கெருபோ என்றொரு பெண். அவள் வேலை செய்யும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று, "ஒண்ணுமில்ல, நீ செய்" என்று சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு, கடைசியில் விசைப்பலகையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

"பாஸ், நீங்க இப்படி நின்னா, மட்டாட்டு வேன்ல கண்டக்டர் நம்ம முதுகுல சாஞ்சுக்கிட்டு வர்ற மாதிரியே இருக்கு" என்றாள் ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நகரவில்லை.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பாதி நைரோபி ஊருக்குக் கிளம்பும் காலம். ஒரே இருக்கை இருவருக்குப் போய்விடாமல் காக்கும் நிரல் பகுதியைக் கெருபோவிடம் ஒப்படைத்து, இனி அது முழுக்க அவள் பொறுப்பு என்று சபையில் அறிவித்தார். அவள் எழுதினாள், சோதித்தாள், செயலியில் ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்த சிமியுவுக்கு, சுட்ட ஆட்டிறைச்சி தட்டில் ஆறிக்கொண்டிருக்க, கை அரித்தது. அவள் எழுதியதில் தப்பு இருந்ததா? இல்லை. அழகு போதவில்லை, அவ்வளவுதான். மடிக்கணினியைத் திறந்து கொஞ்சம் சுருக்கினார். ஒருவர் பதிவு செய்யும்போதே அந்த இருக்கையை மற்றவர்களுக்குப் பூட்டிவைக்கும் வரியும் சுருக்கத்தில் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாராம்!

திங்கட்கிழமை காலை, ககமேகா போகும் பேருந்தில் பாதி இருக்கைகளுக்கு இரண்டிரண்டு சொந்தக்காரர்கள். பேருந்து முதலாளி தொலைபேசியில் வெடித்தார். அலுவலகம் முழுதும் கெருபோவைத்தான் பார்த்தது. அவள், எங்கே தவறினேன் என்று தெரியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றாள்.

அந்த நேரத்தில் சிமியு வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். அவருக்கும் அது தோன்றாமல் இல்லை.

"அவ மேல தப்பில்ல. நேத்து நான்தான் கை வச்சேன்" என்றார்.

சொன்ன கையோடு, பழக்க தோஷம், அவளுடைய விசைப்பலகையை இழுத்தார்.

"பாஸ், இது யாரு பொறுப்பு?"

"உன்னோடது."

"அப்ப கைய எடுங்க."

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொலைபேசி மறுபடி அலறியது. தொட ஆளில்லாமல் கிடந்த அதை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். பேருந்து முதலாளி அவருடைய படிப்பை, பரம்பரையை, தலைமுடியை எல்லாம் திட்டி ஒரு சுற்று வந்தார். "ஆமாங்கய்யா, என் தப்புதான்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியபடி, ஒரு சொல்கூடக் கெருபோவின் மேசைப் பக்கம் போகாமல் வாங்கிக்கொண்டார். மதியத்துக்குள் அவள் சரிசெய்துவிட்டாள். அவர் மேலாளராகப் பார்த்த முதல் வேலை அதுதான்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தக் கதையைத் தானே சொல்லித் தன்னைக் கிண்டல் செய்துகொள்கிறார். கெருபோ சொன்னால் மட்டும் நடுவில் புகுந்து திருத்துகிறார்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். ஆனால் இதைப் படிக்கும்போது, இந்த இடத்தில் வேறொரு சொல் போட்டிருக்கலாமே என்று எங்காவது உங்கள் கை அரித்திருந்தால் முன்கூட்டியே வாழ்த்துகள். உங்கள் பதவி உயர்வு வந்துகொண்டிருக்கிறது.