நகல் எடுத்தால் செல்லாது

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் என்று சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன். சமையலறைக்கு எறும்பு வருவதுகூட நின்றுவிட்டது.

அத்தை தவறிய அன்று அம்மா முகத்தைப் பார்க்க அங்கே வந்த உங்கள் தங்கை நாற்பத்தொரு நாளாகியும் திரும்பவில்லை. நான் ஏன் அன்றைக்கு வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் காசோலை அச்சடிப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கென்று தனி எழுத்துருக்கள் இருப்பது தெரிந்திருக்காது. அடிவரிசை எண்களை வங்கி இயந்திரம் படிக்க வேண்டும் என்பதால் அவை வயிறு வீங்கிக் கோணலாக நிற்கும், தொகைக்கான எழுத்துருவில் ஒவ்வொரு இலக்கமும் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையாக இருக்கும், அதற்குள்ளேயே அந்த எண்ணின் பெயர் பொடி எழுத்தில் ஓடும், ஒன்றை ஏழாக்க எவனாலும் முடியாது. வரி முடிந்தால் மிச்ச இடத்தை நட்சத்திரம் போட்டு அடைத்துவிட வேண்டும், காலி இடம் விட்டால் யாராவது எதையாவது சேர்த்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. அன்றைக்குப் பார்த்துப் புது எழுத்துருவுக்கு வங்கியில் சோதனை. இயந்திரம் ஒவ்வொரு தாளையும் துப்பித் துப்பித் தள்ள, நான் சாயங்காலம் வரை அங்கிருந்து நகர முடியவில்லை.

இதையெல்லாம் சொல்லி உங்கள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போன வாரம் அந்தக் கடிதத்தை எழுதினேன். சாதாரண எழுத்தில் அடித்தால், அங்கே வரும் கடிதத்தையெல்லாம் படித்துக் காட்டும் உங்கள் சித்தி ஒன்றை ஒன்பதாக்கிவிடுவார்களோ என்று பயம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதனால் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாத காசோலை எழுத்துருவிலேயே அடித்து, காசோலைத் தாளிலேயே எடுத்தேன். பழக்க தோஷம், "மன்னித்துவிடு" என்பதற்குப் பக்கத்தில் வரி முழுக்க நட்சத்திரம் விழுந்துவிட்டது. அத்தை போன தேதியும் கறுப்புக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, ஆனாலும் அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

அவள் அதைத் தொடக்கூட இல்லையாம். நீங்கள் பொறுப்பான மனிதர், அசலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சித்தியிடம் கொடுத்துக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தாளில் ஒரு வார்த்தை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் மச்சான், நகல் எடுத்தால்தான் வெளியே வரும். கள்ளக் காசோலையைப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. நீங்கள் போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"மாப்பிள்ளை, மன்னிப்புக் கேட்டிருக்கீங்க, சரி. அதுக்கு மேலேயே மூலைக்கு மூலை 'செல்லாது'ன்னு எதுக்கு அடிச்சு அனுப்பினீங்க?"

அவள் எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள் என்றீர்கள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். தயவுசெய்து பீரோவைத் திறந்து அசலை அவள் கையில் கொடுங்கள், அதில் அந்த வார்த்தை இல்லை என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். இவன் மேல் தப்பில்லை, இயந்திரத்தின் மேல்தான் தப்பு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அவளை என்னோடு அனுப்பிவையுங்கள். ரெண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பது என்னால் முடியவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். சித்திக்கும்தான்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இதை மட்டும் கையால் எழுதுகிறேன். அன்றைக்குச் சோதனை காலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. எல்லாத் தாளும் முதல் தடவையிலேயே தேறிவிட்டன. அங்கே போக எங்கள் மேனேஜர் கார் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். அத்தையை அப்படிப் படுக்கவைத்திருப்பதையும், பக்கத்தில் அவள் அழுவதையும் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை மச்சான். கம்பெனிக்குத் திரும்பி, சாயங்காலம் வரை வெறும் தாளாக அச்சடித்துக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற எதையும் அவளிடம் காட்ட வேண்டாம், பீரோவில் இருப்பதையும் கிழித்துப்போடுங்கள். இந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கொடுங்கள். கீழே பாதித் தாள் காலியாக விட்டிருக்கிறேன், நட்சத்திரம் போடவில்லை. அவள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.