பதினொரு சுளுக்கு

ஒரு காட்டில் டவர் நட்டார்கள். டவர் வந்தால் போன் வரும். போன் வந்தால் பிழைப்புக் கெடும். உடையப்பன் என்ற கரடிக்குக் கெட்டது.

போனில் ஒரு பேஸ்பால் ஆட்டம். கரடி மட்டை பிடிக்க வேண்டாம், அணி நடத்தினால் போதும். மேலே பெரிய அணி. கீழே பயிற்சி அணி, முப்பது பேருக்குத்தான் இடம். கரடி நாற்பத்தொரு பேரை அடைத்து வைத்திருந்தது. எவனைக் கண்டாலும் 'பின்னால உதவுவான்' என்று அமுக்கிப்போடும். பெயரும் கரடியே வைக்கும். தேன் சேர்த்த கை, சும்மா இருக்குமா?

எதிர் அணி பிச்சாண்டி நரியுடையது. பந்தயம் உண்டு. கரடி தோற்றால் மருதமரத்துத் தேனடை நரிக்கு. நரி தோற்றால் ஒரு வருஷம் கரடிக்கு முதுகு சொறிய வேண்டும்.

சீசன் தொடங்கும் காலையில் போன் மறித்தது: 'பதினொரு பேரை நீக்கவும். இல்லையேல் அணி ரத்து.'

"நீக்கித் தொலைங்கண்ணே. நான் மிச்சம் மீதியை நேத்தே துரத்திட்டேன்," என்றது நரி.

"யாரைடா நீக்க? இந்தச் சோலைமணி மூணு வருஷமா ஒரு பந்தும் பிடிக்கல. இன்னிக்குப் பிடிச்சிட்டான்னா?"

"சரி, அடுத்து இந்தக் கிழவன்?"

"நாப்பத்திரண்டு வயசு. இனிமே எங்க போவான்?"

"போன்ல இருக்கிறவன் எங்கண்ணே போவான்?"

கரடி விதிகளைக் குடைந்தது. அடியில் கிடந்தது ஒரு வரி: காயம்பட்டவர் கணக்கில் சேரார். உடனே பதினொரு பேருக்கும் சுளுக்கு என்று எழுதியது. போன் வழிவிட்டது.

"இது அநியாயம்ண்ணே."

"சுளுக்கு உனக்கு வந்தாத்தான் தெரியும். போடா."

நரியின் ஆட்கள் பொறுக்கியெடுத்த மணிகள். நாள் தவறாமல் ஆடினார்கள். ஆடினால் அடிபடும். ஒருவனுக்குத் தோள், ஒருவனுக்கு முட்டி. கரடி பக்கமும் அதே கதிதான். புது ஆள் எடுக்கும் கெடுவும் முடிந்தது. கடைசி ஆட்டத்தன்று நரியிடம் நிற்கக்கூடியவர் எட்டுப் பேர். வேண்டியது ஒன்பது.

கரடி பதினொரு சுளுக்கையும் ஒரே அழுத்தில் குணமாக்கியது. சீசன் முழுக்கப் படுத்துக் கிடந்த உடம்புகள், ஒரு கீறல் இல்லை. சோலைமணி அன்றும் பந்து பிடிக்கவில்லை. பந்தே வரவில்லை. எட்டுப் பேர் செல்லாது, வெற்றி கரடிக்கு என்று போன் சொல்லிவிட்டது.

மருதமரத்தடியில் கரடி குப்புறப் படுத்துத் தேனடையை நக்கியது. "கொஞ்சம் இடப்பக்கம்," என்றது.

நரி சொறிந்தது. "இப்பவாவது அந்தப் பதினொரு பேரை விடலாமில்லண்ணே?"

"விடவா? காலையில இன்னும் ஆறு பேர் எடுத்தேன்."

நீதி: உழைத்தவனுக்கு முட்டி போகும், லீவு போட்டவனுக்குக் கோப்பை வரும். சுளுக்கை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.