பழைய லைப்ரரியை அழித்த காலை

கணினி வேலை பார்ப்பவர்கள் வெளியே சொல்லாத உண்மை ஒன்று உண்டு. நாங்கள் சரிசெய்யும் கோளாறுகளில் பாதி, நாங்களே உண்டாக்கியவை. (மீதிப் பாதி பக்கத்து நாற்காலிக்காரர் உபயம்.) ஆனால் விழிஞ்ஞத்தில் நடந்தது முழுக்க என் கைவண்ணம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எட்டுப் பேர் உள்ள சின்ன கம்பெனி. முதலாளி பிஜு சார். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் காற்று, அலை நிலவரத்தை மலையாளத்திலும் தமிழிலும் காட்டும் பெரிய திரை வைக்கும் வேலை கிடைத்தது. தமிழ் என் பொறுப்பு.

பதினொரு மணிக்குத் திறப்பு விழா. ஒன்பதரைக்குத் திரையைப் போட்டுப் பார்த்தால், 'போக வேண்டாம்' என்பதில் இரட்டைக்கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கின்றன. என் லேப்டாப்பில் லட்சணமாக வந்த அதே வாசகம்!

அங்கே மீன் விற்கும் மேரி அக்கா எட்டிப் பார்த்தார். "மோளே, இது எந்த ஊரு பாஷையாக்கும்?"

துருவியதில் காரணம் அகப்பட்டது. எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதற்கு லைப்ரரி என்று ஒரு கோப்பு உண்டு. பல மென்பொருள்களுக்கும் அது பொது. அந்தக் கணினியில் அது இரண்டு இருந்தது: முன்பே இருந்த பழைய பதிப்பு ஒன்று, நான் கொண்டுபோன புதியது ஒன்று. எங்கள் மென்பொருள் முதலில் கண்ணில் பட்ட பழையதை எடுத்துக்கொண்டுவிட்டது. புதியது இருக்கும் இடத்தை ஒரே வரியில் அதற்குச் சொல்லியிருந்தால் போதும். நான் பழையதை அழித்தேன். (முதல் வகுப்பில் தேறியவள்.)

தமிழ் பளிச்சென்று வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டேன்.

திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளையாக ஒரு வரி: இன்ன கோப்பைக் காணவில்லை. கணினியின் முகப்புத் திரை மொத்தமும் அந்தப் பழைய லைப்ரரியை நம்பித்தான் பிழைத்திருக்கிறது.

என்ன ஆயிற்று என்று பிஜு சார் ஓடிவந்தார். "எடோ, எந்து பற்றி? பழைய ஃபைல் எவிடே?"

"அழிச்சிட்டேன் சார்."

"அழிச்சோ! ஆரு பறஞ்ஞு?"

யாரும் பறையவில்லை. பழைய பதிப்பு உள்ள பென்டிரைவ் அலுவலகத்தில் இருந்தது. திறந்துவைக்க வந்த கவுன்சிலரோ வாசலில் இருந்தார். மாலை போட்டார்கள், அவர் பொத்தானை அமுக்கினார். கூட்டம் கறுப்புத் திரையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. கடலுக்குள் குதித்துவிடலாமா என்று நான் தூரத்தை அளந்தேன்.

மேரி அக்காதான் கேட்டார்: "இன்னைக்கு கடலுக்குப் போலாமா, போவண்டாமா? எங்க வீட்டுக்காரரு வள்ளத்துல எண்ண ஊத்திட்டு நிக்காரு. அதச் சொல்லு முதல்ல."

அப்போதுதான் உறைத்தது. திரை போனால் என்ன, அன்றைய நிலவரம் என் செல்போனில் இருந்தது: மதியத்துக்கு மேல் பலத்த காற்று. ஏலம் எழுதும் கரும்பலகையைத் துடைத்துத் தமிழில் எழுதினேன். பக்கத்தில் பிஜு சார் மலையாளத்தில் எழுதினார். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு நின்ற கவுன்சிலர் ஒரு கணம் யோசித்தார். ரிப்பனைப் பலகைக்குக் குறுக்கே பிடிக்கச் சொல்லி வெட்டினார். பலத்த கைதட்டல்.

மேரி அக்காவின் கணவர் கடலுக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கெல்லாம் வீசிய காற்றில் எங்கள் விழாப் பந்தல் சரிந்தது. பென்டிரைவ் வந்து சேர்ந்ததும், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய லைப்ரரியைத் திரும்பப் போட்டு, எழுத வேண்டிய அந்த ஒரு வரியையும் எழுதினேன். இரண்டு பதிப்பும் சண்டையில்லாமல் ஓடின.

வீட்டில் இதைச் சொன்னது என் இரண்டாவது தவறு. வருஷங்கள் கழித்து எனக்கு இரண்டாவது மகள் பிறந்தபோது, அப்பா மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மக்களே, ரெண்டும் இருக்கட்டும் கேட்டியா? புதுசு வந்தாச்சுன்னு இவள அழிச்சிராத."

நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா அவரை உட்காரவைத்து, விழிஞ்ஞத்திலிருந்து தொடங்கினார்.